தலையில் கட்டோடு ஒரு சென்டர் ஃபார்வர்ட்

1962 செப்டம்பர் 4. ஜகார்த்தாவின் செனயான் மைதானத்தில் ஆசிய விளையாட்டுப் போட்டியின் கால்பந்து இறுதி ஆட்டம். ஒரு பக்கம் தென் கொரியா, மறுபக்கம் இந்தியா. கூட்டம் முழுக்க இந்தியாவுக்கு எதிராக இருந்தது. இஸ்ரேலையும் தைவானையும் இந்தோனேசியா வரவிடாமல் செய்ததை இந்திய விளையாட்டு நிர்வாகி ஜி.டி. சோந்தி கண்டித்திருந்தார். அந்தக் கோபமெல்லாம் ஆடவந்த பிள்ளைகள் மேல் திரும்பியிருந்தது. இறங்கிய பதினொரு பேரில் ஒருவருக்குத் தலையில் காயம், தையல்.

அவர் ஜர்னைல் சிங். பஞ்சாபிலிருந்து வந்து கல்கத்தாவில் மோகன் பகானுக்கு ஆடியவர். அவரது இடம் ஸ்டாப்பர், அதாவது கோலுக்கு முன்னால் நடுவில் நின்று வருகிறவர்களையெல்லாம் தடுத்து நிறுத்தும் ஆள். தாய்லாந்துடனான ஆட்டத்தில் அவருக்குத் தலை உடைந்தது. ஸ்டாப்பரின் பிழைப்பே பாதி தலையால்தான் நடக்கிறது. எதிரணி உயரத் தூக்கிப் போடும் பந்தையெல்லாம் எகிறி முட்டித் தள்ள வேண்டும். தையல் போட்ட தலையோடு அந்த வேலைக்கு எப்படி அனுப்புவது? பயிற்சியாளர் சையத் அப்துல் ரஹீம் அவரை உட்கார வைக்கவில்லை. மைதானத்தின் மறுகோடிக்கு அனுப்பி, சென்டர் ஃபார்வர்டாக ஆட வைத்தார். அரையிறுதியில் தென் வியட்நாமுக்கு எதிராக ஜர்னைல் ஒரு கோல் போட்டார். இறுதி ஆட்டத்தில் பி.கே. பானர்ஜி முதல் கோலை அடித்த சில நிமிடங்களில் இரண்டாவது கோல் ஜர்னைலுடையது. கொரியா கடைசி நேரத்தில் ஒன்றைத் திருப்பியது. 2-1. தங்கம் இந்தியாவுக்கு. ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் இந்தியா வாங்கிய கடைசித் தங்கமும் அதுதான்.

இன்றைய பேச்சு கால்பந்தின் இடங்களையும் அடிப்படைச் சொற்களையும் பற்றியது. அதற்கு ஜகார்த்தாவிலிருந்து தொடங்குவதில் ஒரு காரணம் இருக்கிறது.

தெரு மைதானத்தில் இடம் பிரிப்பது எப்படி என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். இந்தப் பக்கம் இரண்டு செருப்பு, அந்தப் பக்கம் இரண்டு செங்கல். பந்துக்குச் சொந்தக்காரன் ஃபார்வர்ட். அவனுடைய சிநேகிதன் அவனுக்குப் பக்கத்தில். குண்டாக இருப்பவனோ கடைசியாக வந்து சேர்ந்தவனோ கோலில். மிச்சப் பேரைப் பார்த்து, "நீ பேக்ல நில்லுடா" என்று ஒரு அதட்டல். அந்த 'நில்லு' என்ற சொல்லில்தான் கோளாறு ஆரம்பிக்கிறது. சொன்னபடி அந்தப் பையனும் நிற்கிறான். பந்து எதிர்க் கோலில் இருக்கும்போதும் தன் செருப்புக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறான். கால்பந்தில் நிற்கும் இடம் என்று ஒன்று உண்மையில் கிடையாது. உள்ளதெல்லாம் வேலை. ஒவ்வொரு பெயரும் ஒரு வேலையின் பெயர்.

முதலில் கோல்கீப்பர். கம்பத்துக்குக் கம்பம் 7.32 மீட்டர், தரையிலிருந்து குறுக்குக் கம்பம் 2.44 மீட்டர். இதைக் கைகளால் காப்பது இந்த ஒருவருக்கு மட்டும் உள்ள உரிமை. அதுவும் ஒரு காலத்தில் எல்லையில்லாமல் இருந்தது. 1912 வரை தன் பாதி மைதானம் முழுக்க அவர் பந்தைக் கையால் தொடலாம். லீ ரிச்மண்ட் ரூஸ் என்ற வேல்ஸ் நாட்டுக் கோல்கீப்பர் பந்தைத் தரையில் தட்டித் தட்டியே நடுக்கோடு வரை வந்துவிடுவார். பார்த்தவர்கள் ரசித்தார்கள். விதி எழுதுகிறவர்கள் ரசிக்கவில்லை. அந்த ஆண்டு கையைப் பெனால்டி பகுதிக்குள் அடக்கினார்கள். 1992இல் இன்னொரு கட்டு வந்தது. தன் அணிக்காரர் வேண்டுமென்றே காலால் தள்ளிவிடும் பந்தைக் கையால் எடுக்கக் கூடாது. இதைப் 'பேக் பாஸ்' விதி என்பார்கள். அன்று முதல் கோல்கீப்பருக்குக் காலும் நன்றாக வேலை செய்ய வேண்டியதாயிற்று. 2014 உலகக் கோப்பையில் அல்ஜீரியாவுக்கு எதிராக ஜெர்மனியின் மானுவல் நோயர் பெனால்டி பகுதியை விட்டு வெளியே ஓடி வந்து ஓடி வந்து பந்தை வெட்டியதைப் பார்த்தவர்களுக்கு, அந்த விதி எங்கே கொண்டுபோய் விட்டது என்று புரிந்திருக்கும். அண்மையில் மூன்றாவது கட்டு: பந்தைக் கையில் எட்டு வினாடிக்கு மேல் வைத்திருந்தால் எதிரணிக்கு ஒரு கார்னர்.

இளம் கோல்கீப்பர்கள் செய்யும் பெரிய தப்பு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கோட்டிலேயே ஒட்டிக்கொள்வது. எதிரி தனியாகப் பந்தோடு வரும்போது கோட்டில் நின்றால் அவன் கண்ணுக்குக் கோல் கல்யாண மண்டப வாசல் போலத் தெரியும். நான்கு அடி முன்னால் வந்தால் வாசல் பாதியாகச் சாத்தியது போல ஆகிவிடும். இதற்குக் கோணத்தை அடைப்பது என்று பெயர். பந்தும் இரண்டு கம்பங்களும் சேர்ந்து ஒரு முக்கோணம் என்று வைத்துக்கொண்டால், கோல்கீப்பர் பந்தை நோக்கி வரவர முக்கோணம் ஒடுங்குகிறது. இதைத் தரையில் கயிறு கட்டிக் காட்டினால் எட்டு வயதுப் பிள்ளைக்கும் விளங்கும். இரண்டு கம்பத்திலிருந்தும் இரண்டு கயிறு, இரண்டும் பந்தில் முடிச்சு. கயிறுகளுக்கு நடுவே பிள்ளையை நடக்கச் சொன்னால் போதும்.

அடுத்தது பின்களம். இங்கே நால்வர் ஆடுவது இன்று பரவலான வழக்கம். நடுவில் இருவர் சென்டர் பேக். நம்மூர் மைதானங்களில் பழைய ஆட்டக்காரர்கள் இன்னும் ஸ்டாப்பர் என்றே சொல்வார்கள். ஓரங்களில் இருவர், ரைட் பேக், லெஃப்ட் பேக். இவர்களுக்குப் பொதுப்பெயர் ஃபுல் பேக். இங்கிலாந்தில் சென்டர் பேக்கைச் சென்டர் ஹாஃப் என்றும் சொல்லக் கேட்கலாம். பின்வரிசையில் நிற்பவருக்கு எப்படி 'ஹாஃப்' என்ற நடுவரிசைப் பெயர் வந்தது?

அதற்கு ஆஃப்சைடுதான் காரணம். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் அணிகள் 2-3-5 என்று ஆடின. பின்னால் இரண்டு ஃபுல் பேக், நடுவில் மூன்று ஹாஃப் பேக், முன்னால் ஐந்து ஃபார்வர்ட். நடுவரிசையின் நடுவில் இருந்தவர் சென்டர் ஹாஃப். அக்கால விதிப்படி, முன்னால் நிற்பவர் ஆஃப்சைடு ஆகாமல் இருக்க அவருக்கும் கோல் கோட்டுக்கும் இடையே எதிரணியில் மூன்று பேராவது இருக்க வேண்டும். பின்கள வீரர்கள் இதை வைத்துக்கொண்டு ஒரே அடி முன்னால் எடுத்து வைத்து எதிரியைச் சிக்க வைத்தார்கள். கோல் விழுவது குறைந்தது. 1925இல் மூன்றை இரண்டாக மாற்றினார்கள். இங்கிலாந்தின் முதல் டிவிஷனில் முந்தைய பருவத்தில் 1,192 கோல்கள் விழுந்திருந்தன. மாற்றிய பருவத்தில் 1,703. பின்களம் திணறியது. அப்போது ஆர்சனலுக்கு வந்திருந்த ஹெர்பர்ட் சாப்மன் சென்டர் ஹாஃபைப் பின்னுக்கு இழுத்து இரண்டு ஃபுல் பேக்குக்கும் நடுவில் வைத்தார். ஆள் பின்னால் போய்விட்டார். பெயர் மட்டும் கூடவே போனது.

ஆஃப்சைடு இன்று எப்படி? இதைக் கேட்டால் பெரியவர்களே தலையைச் சொறிவதுண்டு. பந்தைத் தன் அணிக்காரர் உதைக்கும் அந்த நொடியில், எதிரணியின் பாதியில், பந்தையும் தாண்டி, எதிரணியின் கடைசிக்கு முந்தைய ஆளையும் தாண்டிக் கோல் கோட்டுக்கு அருகில் இருப்பவர் ஆஃப்சைடு இடத்தில் இருக்கிறார். கடைசி ஆள் பெரும்பாலும் கோல்கீப்பர் என்பதால் கண்ணுக்குத் தெரிவது ஒரு பின்கள வீரர்தான். அவரோடு சமமாக நின்றால் குற்றமில்லை. கை கணக்கில் வராது, தலையும் உடம்பும் காலும் வரும். அந்த இடத்தில் இருப்பதே தப்பு என்றும் ஆகாது. அங்கிருந்து ஆட்டத்தில் கலந்துகொண்டால்தான் கொடி உயரும். கோல் கிக், த்ரோ, கார்னர் மூன்றிலிருந்தும் நேரே வாங்கும் பந்துக்கு ஆஃப்சைடே இல்லை. பிள்ளைகளுக்கு இதில் ஒரே ஒரு சொல் மனதில் நின்றால் போதும்: 'உதைக்கும் நொடி'. பந்து வந்து சேரும்போது யார் எங்கே என்பது கணக்கே இல்லை. ஓடிப் பிடிப்பவர் உதைத்த பிறகு ஓடினாரா, முன்பே நின்றாரா என்பதுதான் கேள்வி. பின்கள வீரர்களுக்கு நடுவே புகுந்து போகும்படி தள்ளும் 'த்ரூ பால்' என்ற பாஸின் அழகு முழுக்க இந்த நொடியில் இருக்கிறது.

பின்கள வீரர் எப்போதும் பின்னால்தானா? 2018 மார்ச்சில் பெங்களூரில் நடந்த ஐ.எஸ்.எல். இறுதி ஆட்டத்தைச் சென்னை ரசிகர்கள் மறக்க மாட்டார்கள். சுனில் சேத்ரி முதலில் கோல் போட்டுப் பெங்களூரு முன்னால் இருந்தது. சென்னையின் எஃப்.சி.க்குக் கார்னர் கிடைத்தபோது பிரேசில்காரரான சென்டர் பேக் மைல்சன் ஆல்வெஸ் முன்னால் போனார். தலையால் முட்டினார், கோல். இடைவேளைக்கு முன் இன்னொரு கார்னர், மறுபடி மைல்சன், மறுபடி தலை. ஆட்டம் 3-2 என்று முடிந்து கோப்பை சென்னைக்கு வந்தது. கார்னரின்போது உயரமான பின்கள வீரர்கள் முன்னால் போவதும், அவர்கள் விட்ட இடத்தைக் குள்ளமான வேகக்காரர்கள் காப்பதும் எல்லா அணியிலும் பழகிக் கொள்ளும் ஏற்பாடு. அதைப் பழகாத பள்ளி அணிகள் கார்னர் வாங்கிய அடுத்த பத்து வினாடியில் தங்கள் கோலிலேயே பந்தைப் பொறுக்குவதும் வாரா வாரம் காணக் கிடைப்பதுதான்.

இனி எண்கள். பின்களத்தில் 2, 3, நடுவில் 4, 5, 6, முன்னால் 7 முதல் 11 என்ற கணக்கு அந்தப் பழைய 2-3-5இன் மிச்சம். 1928இல் ஆர்சனலும் செல்சியும் எண் போட்ட சட்டையோடு ஆடிப் பார்த்தன. 1933 எஃப்.ஏ. கோப்பை இறுதியில் எவர்ட்டன் 1 முதல் 11 வரையும், மான்செஸ்டர் சிட்டி 12 முதல் 22 வரையும் போட்டுக்கொண்டன. பிறகு வழக்கமாகிவிட்டது. ஆனால் எண்ணை நம்பி ஆளைக் கணக்குப் போட்டவர்கள் ஒருமுறை நன்றாக மாட்டிக்கொண்டார்கள். 1953 நவம்பர் 25, லண்டன் வெம்ப்ளி. ஹங்கேரியின் நாந்தோர் ஹிதெக்குட்டியின் முதுகில் 9. ஒன்பது என்றால் சென்டர் ஃபார்வர்ட், அவரைப் பிடிக்க வேண்டியவர் இங்கிலாந்தின் சென்டர் ஹாஃப் ஹாரி ஜான்ஸ்டன். ஹிதெக்குட்டியோ முன்னால் நிற்காமல் நடுக்களத்துக்கு இறங்கி இறங்கி ஆடினார். ஜான்ஸ்டன் கூடப் போனால் பின்னால் பெரிய ஓட்டை. போகாவிட்டால் ஹிதெக்குட்டி தனியாகப் பந்தோடு திரும்புவார். ஆட்டம் 6-3 ஹங்கேரிக்கு. மூன்று கோல் ஹிதெக்குட்டியுடையது. பிரிட்டனுக்கு வெளியிலிருந்து வந்த அணி ஒன்று வெம்ப்ளியில் இங்கிலாந்தை வென்றது அதுவே முதல் முறை. இன்று 'ஃபால்ஸ் நைன்' என்று தொலைக்காட்சியில் சொல்கிறார்களே, அந்தப் பொய் ஒன்பதின் பெரியப்பா அவர்.

எண் தற்செயலாக ஒட்டிக்கொள்வதும் உண்டு. 1958 உலகக் கோப்பையில் பிரேசில் கோல்கீப்பர் ஜில்மாரின் முதுகில் 3, வலது ஓரத்தில் ஆடிய கரிஞ்சாவின் முதுகில் 11. அந்தக் குழப்பத்தில்தான் 17 வயதுப் பெலேவுக்கு 10 வந்தது. அர்ஜென்டினா இன்னும் ஒரு படி மேலே போனது. 1982இல் அகரவரிசைப்படி எண் கொடுத்ததில் நடுக்கள வீரர் ஆர்டிலெஸுக்கு 1 விழுந்தது. மரடோனாவுக்கு மட்டும் விதிவிலக்காக 10. ஆகவே சட்டை எண்ணுக்காகச் சண்டை போடும் பிள்ளைகள் கொஞ்சம் நிதானிக்கலாம்.

நடுக்களம்தான் அணியின் அடுப்பங்கரை. சாப்பிட்டுப் பாராட்டுபவர்கள் அங்கே எட்டிப் பார்ப்பதில்லை. மூன்று வேலைகளாகப் பிரித்துக்கொண்டால் விளங்கும். பின்களத்துக்கு முன்னால் நின்று பந்தைப் பிடுங்கிக் கொடுப்பவர் ஒருவர், மேலும் கீழும் ஓடிக்கொண்டே இருப்பவர் ஒருவர், ஃபார்வர்டுக்குப் பின்னால் இருந்து கடைசிப் பாஸைக் கொடுப்பவர் ஒருவர். பேச்சு வழக்கில் 6, 8, 10. முதல் வேலைக்குப் பிரேசிலில் 'வோலாந்தெ' என்று பெயர். ஃபிளமெங்கோவுக்கு ஆடிய கார்லோஸ் வோலாந்தெ என்ற அர்ஜென்டினாக்காரரின் பெயரே அந்த வேலைக்கு ஆகிவிட்டது என்பார்கள். அந்த வேலையின் அருமை ஆள் போன பிறகே தெரியும். 2003இல் ரியல் மாட்ரிட் டேவிட் பெக்கமை வாங்கியது, கிளாட் மகெலெலெயைச் செல்சிக்கு விட்டுவிட்டது. அடுத்த மூன்று பருவமும் மாட்ரிட்டுக்குப் பெரிய கோப்பை எதுவும் இல்லை. செல்சி அதற்குள் இரண்டு முறை லீக் சாம்பியன் ஆனது. இதை ஒரே ஆளின் கணக்கில் எழுதுவது நியாயமில்லைதான். ஆனாலும் அந்த இடத்துக்கு இங்கிலாந்தில் மகெலெலெயின் பெயரையே வைத்துவிட்டார்கள். இங்கே வந்திருக்கும் பெண் பிள்ளைகளுக்கு ஒரு பெயர்: கடலூரின் இந்துமதி கதிரேசன். இந்திய அணிக்கு நடுக்களத்தில் ஆடியவர்.

முன்களத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, எல்லாருக்கும் அங்கே போகத்தான் ஆசை. ஓரத்தில் ஆடுபவர் விங்கர். 'ரைட் அவுட்', 'லெஃப்ட் அவுட்' என்று தாத்தாக்கள் சொல்வது இவரைத்தான். ஜகார்த்தாவில் பி.கே. பானர்ஜி ரைட் அவுட். ஓரத்திலிருந்து கோல் முகத்துக்குப் பந்தை அனுப்புவது கிராஸ். நடுவில் இருந்து முடிப்பவர் ஸ்ட்ரைக்கர். அவரது வேலையில் முக்கால்வாசி பந்து இல்லாமல் ஓடுவது. 4-3-3, 4-4-2 என்று சொல்லும்போது பின்னாலிருந்து எண்ண வேண்டும், கோல்கீப்பரைச் சேர்க்கக் கூடாது.

மைதானச் சொற்களில் சில கேட்டதும் உடம்பு அசைய வேண்டியவை. "மேன் ஆன்" என்றால் பின்னால் ஆள் வருகிறான், ஒரே தொடலில் கொடுத்துவிடு. "டைம்" என்றால் யாரும் இல்லை, நிதானமாகத் திரும்பு. "மார்க்" என்றால் ஆளைப் பிடி. பந்தைக் கொடுத்துவிட்டு ஓடி, சுவரில் பட்டு வருவதுபோல் திருப்பி வாங்குவது வால் பாஸ். பத்து வயதுப் பிள்ளைகளின் ஆட்டத்தில் "இங்க, இங்க" என்ற ஒரே குரல்தான் கேட்கிறது. எட்டுப் பேர் ஒரே நேரத்தில் 'இங்க' என்றால் பந்தோடு இருப்பவன் என்ன செய்வான்? அவனுக்கு வேண்டிய செய்தி தன் முதுகுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்பது.

ஒரு சின்னக் கேள்வி அடிக்கடி வரும். பெனால்டி பகுதிக்கு மேலே அந்த அரைவட்டம் எதற்கு? நம் பிள்ளைகள் 'டி-பாக்ஸ்' என்று முழுப் பகுதியையுமே அதன் பெயரால் கூப்பிடுகிறார்கள். பெனால்டி அடிக்கும்போது மற்றவர்கள் பந்திலிருந்து 9.15 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். பெனால்டிப் புள்ளி கோலிலிருந்து 11 மீட்டர், பகுதியின் விளிம்பு 16.5 மீட்டர். வித்தியாசம் ஐந்தரை மீட்டர்தான். போதாத தூரத்துக்காகப் போட்ட வளைவு அது. மற்ற நேரத்தில் அதற்கு வேலையே இல்லை. அந்த வளைவுக்குள் கோல்கீப்பர் பந்தைக் கையால் பிடித்தால் அது ஃபவுல்தான்.

பெற்றோருக்கும் பயிற்சியாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் சின்ன வயதில் அணிக்கு ஏழு பேர், கொஞ்சம் வளர்ந்ததும் ஒன்பது பேர், அதற்குப் பிறகுதான் பதினொரு பேர் என்று வைத்திருக்கிறார்கள். ஆள் குறைந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பந்து அடிக்கடி வரும், எல்லா வேலையும் கொஞ்சம் கொஞ்சம் செய்து பார்க்கும். நம்மூரில் பத்து வயதுப் பிள்ளைகளைப் பெரிய மைதானத்தில் பதினொரு பேராக இறக்கி, உயரமானவனைப் பார்த்ததும் "நீ ஸ்டாப்பர்" என்று முத்திரை குத்திவிடுகிறோம். பதினைந்து வயதில் அவன் வளர்வது நின்று, மற்றவர்கள் அவனைத் தாண்டி வளர்ந்துவிட்டால்? வேறு எந்த வேலையும் அவனுக்குத் தெரியாது. பன்னிரண்டு வயது வரை இந்த வாரம் பேக், அடுத்த வாரம் விங், அதற்கடுத்த வாரம் கோல் என்று சுழற்றுங்கள். நாலு ஆட்டம் தோற்றால் தோற்றுப் போகட்டும்.

ஜகார்த்தாவில் கோல் போட்டவர் பின்கள வீரர். அன்று இந்தியாவின் கோலைக் காத்தவர் செகந்திராபாத்தின் பீட்டர் தங்கராஜ், ஆறடிக்கு மேல் உயரம், 1967இல் அர்ஜுனா விருது பெற்றவர். 1953இல் ராணுவத்தில் சேர்ந்து மெட்ராஸ் ரெஜிமென்டல் சென்டர் அணிக்கு ஆடத் தொடங்கியபோது அவர் சென்டர் ஃபார்வர்ட்.